டிரெய்லர் பின்பக்கம் தரை தட்டுகிறது: பட்டையை அச்சுக்கு மேலே ஏற்றலாமா?

12 மார்ச் 2023

நேரே கேள்விக்கு வந்துவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய தங்கும் டிரெய்லர் ஒன்று காரைக்குடியில் வைத்திருக்கிறேன். ஒற்றை அச்சு, இரண்டு கட்டில், சின்ன அடுப்படி, பின்மூலையில் கழிப்பறை. தண்ணீர் எல்லாம் நிரப்பினால் 950 கிலோ, பொலேரோ அலட்டிக்கொள்ளாமல் இழுக்கிறது. பிரச்சினை உயரம்தான். நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஊருக்குள் திரும்பி ஒரு கண்மாய்க் கரை ஏறினால் போதும், பின்பக்கம் செம்புரான் கல்லில் உரசுகிற சத்தம் பல்லைக் கூச வைக்கிறது. பட்டை (வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகட்டுக்கட்டு) இப்போது அச்சுக்குக் கீழே கட்டியிருக்கிறது. அதைக் கழற்றி அச்சுக்கு மேலே உட்கார வைத்தால் வண்டி எழும்பும் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா? எத்தனை அங்குலம் கிடைத்தது? அப்புறம் எது உடைந்தது?

இந்த வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஆத்தாவுக்கு 78 வயது, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலையும் ஒருமுறை சுற்றிவர ஆசை. காரில் போனால் ஒரே நாளில் முடித்துவிடலாம், எல்லாம் பக்கம்பக்கம்தான். ஆனால் முட்டி வலி. ஒரு கோயில் பார்த்தால் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும், கழிப்பறை கூடவே வர வேண்டும். இளையாத்தங்குடியில் ஆரம்பித்து நாளைக்கு இரண்டு கோயில் என்று திட்டம்.

அன்றே, இரவு

டேப்பை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து அளந்தேன். அச்சுக் குழாய் 60 மி.மீ. பட்டை நாலு, சேர்த்து 26 மி.மீ. அப்படியானால் 86 மி.மீ. எழும்பும். மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. போதும் போலிருக்கிறது.

13 மார்ச்

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. செட்டியார் வீட்டுப் பிள்ளை கூட்டலில் கோட்டை விட்டான் என்று வெளியே சொல்லாதீர்கள்.

பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே, பட்டை உட்காருவதற்கு வெல்டிங் செய்த இரும்பு இருக்கை ஒன்று இருக்கிறது, 10 மி.மீ. அதை மறந்துவிட்டேன். வண்டியைத் தாங்குவது காது (முனையில் சுருட்டிய வளையம்) வைத்த மேல் பட்டை, அது இப்போது குழாயின் நடுவிலிருந்து 40 மி.மீ. கீழே இருக்கிறது (பாதிக் குழாய் 30, இருக்கை 10). மேலே மாற்றினால் மறுபடி 30, புதிய இருக்கை 10, அதன்மேல் பட்டைக்கட்டு முழுதும் 26, ஆக நடுவுக்கு மேலே 66. கீழே 40, மேலே 66, மொத்தம் 106 மி.மீ. பட்டைக்கட்டைக் கவிழ்க்கக் கூடாது, மேல் பட்டை மேலேயேதான் இருக்க வேண்டும். நேற்று அதையும் யோசிக்கவில்லை.

15 மார்ச்

“எதற்கு இருக்கையெல்லாம் வெல்டிங் செய்துகொண்டு, அச்சையே தலைகீழாகப் புரட்டிவிட்டால் இருக்கை தானாக மேலே வந்துவிடுமே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. பட்டறை அண்ணனிடம் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நூலை எடுத்து அச்சின் இரண்டு முனைக்கும் இழுத்துப் பிடித்துக் காட்டினார். குழாய் நேராக இல்லை. நடுவில் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்வது. பாரம் ஏறும்போது நடு அமுங்கிக் குழாய் நேராகும், சக்கரமும் நிமிர்ந்து நிற்கும். புரட்டிவிட்டால் வளைவு கீழ்நோக்கிப் போய்விடும், பாரம் அதை இன்னும் அமுக்கும், இரண்டு சக்கரமும் மேல்பக்கம் உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு கொஞ்ச நாளில் கம்பி தெரியத் தேய்ந்துவிடும். பிரேக் தகடும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளும், முன்னால் பார்த்த கேபிள் வாய் பின்னால் பார்க்கும். அமெரிக்க டிரெய்லர்களில் வருகிற மின்சார பிரேக்கில் இன்னும் வம்பு, அதில் காந்தக் கை இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று தனித்தனி.

பட்டையை மேலே மாற்றும் இந்த வேலைக்கு அங்கே பெயரே ‘ஆக்சில் ஃபிளிப்’ (அச்சுப் புரட்டல்). பெயர் வைத்தவரைச் சொல்ல வேண்டும். புரளாத ஒரே சாமான் அச்சுதான்.

18 மார்ச்

டெக்சாஸில் இருக்கும் அத்தானிடம் பேசினேன், ஒரு மணி நேரம். அவர் வைத்திருப்பது இரட்டை அச்சு, ஒவ்வொன்றும் 3500 பவுண்டு, நம் கணக்கில் 1588 கிலோ. இதே வேலையை இரண்டு வருஷத்துக்கு முன் செய்துவிட்டார். அங்கே இருக்கை, பட்டையை அச்சோடு பிடித்துக் கட்டும் யூ போல்ட் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள், ஒரு சனிக்கிழமையில் முடிந்ததாம்.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தவை மட்டும். சேக்கிளை (பட்டை முனையை வண்டியின் அடிச்சட்டமான சேசியோடு இணைக்கும் தகடு) நீளமாக்கி உயர்த்தாதே, திருப்பத்தில் பக்கவாட்டு இழுப்பு முழுக்க அந்த நீளத் தகட்டில்தான் விழும், அது மடங்கும். பெரிய டயர் போட்டால் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், சக்கரக் குழியில் இடமும் வேண்டும். இரட்டை அச்சாக இருந்தால் டிரெய்லர் மட்டமாக நின்றே ஆக வேண்டும், மூக்கு சாய்ந்தால் முன் அச்சில் பாரம் கூடிவிடும். எனக்கு ஒற்றை அச்சு, அந்தத் தலைவலி கிடையாது. ரப்பர் அச்சு வைத்தவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள். அதில் சதுரக் குழாய்க்குள் ரப்பர் உருளைகளை அமுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் ஸ்பிரிங். வெளியே வெல்டிங் ராடு வைத்தால் உள்ளே ரப்பர் வெந்துவிடும். அதற்குச் சேசிக்கும் அச்சுக்கும் நடுவே பெட்டிக் குழாய் வைத்துப் போல்ட் போட்டுத்தான் உயர்த்த வேண்டும், அல்லது சக்கரத்தைத் தாங்கும் கை இன்னும் கீழ்நோக்கி இறங்கிய அச்சாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்க டிரெய்லர் கம்பெனிக்காரர்கள் 1961இலேயே பட்டையை விட்டு ரப்பருக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு வரலாறும் சொன்னார். அத்தானிடம் மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் கண்டுபிடித்த கதையும் வரும்.

“அப்படியானால் கம்பெனிக்காரன் ஏன் பட்டையைக் கீழே வைத்துக் கட்டினான்?” என்று கேட்டேன். படி தாழ்வாக இருக்கும், வண்டி சாயாது என்றார். (பிறகு சேர்த்தது: அந்த முதல் காரணத்தை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.)

19 மார்ச்

சம்பந்தமில்லாத ஒன்று. அப்பத்தா வீட்டு வண்டிக் கொட்டகையில் பழைய வில்வண்டி கிடக்கிறது. மாடு பூட்டி நாற்பது வருஷம் இருக்கும். இன்று போய்க் குனிந்து பார்த்தேன். வில் அச்சுக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த மண்ணுக்கு எது சரி என்று வில்வண்டி செய்த ஆசாரிக்குத் தெரிந்திருக்கிறது, நாம் டெக்சாஸுக்கு போன் போட வேண்டியிருக்கிறது.

26 மார்ச்

சட்டம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரித்தவர் முதலில் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன் தயாரித்தவரிடம் பேசினேன். இதே மாடலைப் பட்டை மேலே வைத்தும் அவர் கட்டித் தருகிறார். அதன் வரைபடத்தோடு கடிதம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, இன்சூரன்ஸுக்கும் எழுதிவிட்டுத்தான் கை வைக்கிறேன். இரண்டு வாரம் ஆகும். விபத்து என்று வந்தால் முதலில் தேடுவது இந்தக் காகிதத்தைத்தான், சோம்பேறித்தனம் வேண்டாம்.

9 ஏப்ரல்

முடிந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இனி செய்பவர்களுக்கு உதவும்.

சேசியை நாலு இடத்தில் ஸ்டாண்டில் தாங்கினோம். ஜாக்கியை நம்பி ஒருவரும் அடியில் போகவில்லை. பழைய யூ போல்ட்டை கேஸ் வைத்து அறுத்து எறிந்தாயிற்று, அதைத் திரும்பப் போடக் கூடாது, ஒருமுறை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. பட்டையைக் கழற்றித் தள்ளி வைத்து ஈரச் சாக்கு போட்டு மூடினார் அண்ணன். வெல்டிங் பொறி ஒன்று பட்டையில் விழுந்தால்கூட அந்த இடத்தில் பதம் போய்விடும், பிறகு ஒருநாள் அங்கேதான் விரிசல் விடும்.

புதிய இருக்கையைக் குழாயின் உச்சியில் வைத்து, ரசமட்டம் போட்டு, பழைய இருக்கை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும். அப்படியே பட்டையோடு ஏற்றி, காரோடு மாட்டும் கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்தோம். வலது 6 மி.மீ. கூட வந்தது. வலதில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை இருக்கையின் குழியில் இறங்காமல் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தட்டி இறக்கிய பிறகு இரண்டு நூலும் ஒன்று. அதைப் பார்க்காமல் முழு வெல்டிங் அடித்திருந்தால் டிரெய்லர் வாழ்நாள் முழுக்க நண்டு மாதிரி சாய்ந்து நடந்திருக்கும்.

முழு வெல்டிங் குழாயின் நீளவாக்கில் மட்டும். குழாயைச் சுற்றி வளைத்து அடித்தால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே ஒடியும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை அண்ணன் இருக்கைக்குப் பக்கத்திலேயே போட்டார். எல்லோரும் செய்வதுபோல் சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் பொடிப்பொடியாகக் குழி விழுமாம். இது எனக்குப் புதுச் செய்தி.

இறக்கி வைத்து அளந்தால் 104. நாலு அங்குலம் ஒரு நூல். மிச்சம் 2 மி.மீ.க்குப் பட்டறைத் தரைமேல் பழி போட்டுவிட்டோம்.

அன்றே, இரவு

வண்டியை வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் விடப் போனேன். கூரை மூடி நிலைவிட்டத்தில் இடித்து நின்றது. டிரெய்லரை எட்டுத் தரம் அளந்தவன் கொட்டகை வாசலை ஒரு தரம் அளக்கவில்லை. வாசல் 2400, வண்டி முன்பு 2350, இப்போது 2454. பர்மாத் தேக்கு விட்டத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை, மூடி இரண்டாகிவிட்டது. இப்போது வேப்பமரத்தடியில் நிற்கிறது.

11 ஏப்ரல்

கொக்கி உயரத்தைக் கேட்டவருக்கு: ஆமாம், அதையும் மாற்ற வேண்டும். வண்டி 104 ஏறினால் பொலேரோவில் கொக்கி உட்காரும் பந்தும் 104 ஏற வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு குத்திக்கொண்டு நிற்கும். என் கொக்கித் தகட்டில் மூன்று துளை இருந்தது, மேல் துளைக்கு மாற்றியதும் ரசமட்டக் குமிழ் கிட்டத்தட்ட நடுவுக்கு வந்துவிட்டது. மூக்குப் பாரத்தை (டிரெய்லரின் முன்முனை பந்தின்மேல் அழுத்தும் எடை) அரிசி மில் தராசில் நிறுத்தினேன், 101 கிலோ. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்பது அமெரிக்கக் கணக்கு, எனக்கு 95 முதல் 142 வரை. அடிமட்டத்தில் பாஸ். பின்கால் ஜாக்கிகள் இப்போது தரைக்கு எட்டவில்லை, தேக்குத் துண்டு வைத்துச் சமாளிக்கிறேன்.

16 ஏப்ரல்

சோதனை ஓட்டம், பிள்ளையார்பட்டி வரை. வழியெல்லாம் பொலேரோ மூச்சு வாங்கியது. எதிர்க்காற்று என்று நினைத்தேன். கோயில் பார்க்கிங்கில் இறங்கினால் கருகல் வாடை, டிரெய்லரின் இடது பிரேக் டிரம்மில் துளி தண்ணீர் விட்டால் சுள்ளென்கிறது.

கேபிள்தான். சேசியிலிருந்து அச்சு 104 மி.மீ. கீழே போய்விட்டது, பிரேக் கேபிளின் நீளம் பழையதுதானே. விறைத்து இழுத்து வழிமுழுக்கப் பாதி பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அங்கேயே சரிக்கட்டும் நட்டைத் தளர்த்தி, ஊர்ந்து திரும்பி வந்து, நீளக் கேபிள் சொல்லியிருக்கிறேன். முன்பு யாரும் இதைச் சொல்லவில்லையே என்று அத்தானிடம் சண்டைக்குப் போனேன். “எனக்குக் கேபிளே கிடையாது, மின்சார பிரேக், வயரில் ஒரு சுருள் விட்டிருந்தான், நான் எப்படிச் சொல்வேன்” என்றார். நியாயம்தான்.

சக்கர நட்டைப் பற்றி: கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் மறுபடி முறுக்க வேண்டும் என்பது அங்குள்ள அச்சுக் கம்பெனிப் புத்தகத்தில் இருப்பது. நம் கணக்கில் 16, 40, 80 கி.மீ. நான் யூ போல்ட்டையும் அதோடு சேர்த்துப் பார்த்தேன். முதல் தடவை கால் சுற்று வாங்கியது.

23 ஏப்ரல்

ஆத்தாவை ஏற்றிப் பார்த்தோம். ஏற முடியவில்லை.

30 ஏப்ரல்

ஒரு வாரமாக எழுத மனசில்லை. மூன்று பேர் “என்னாச்சு” என்று கேட்டதால் சொல்கிறேன்.

முன்பு தரையிலிருந்து வாசல் 480 மி.மீ., நடுவில் மடக்குப் படி ஒன்று, 240, 240. ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். இப்போது வாசல் 584, மடக்குப் படி வண்டியோடு சேர்ந்து எழும்பி 344இல் நிற்கிறது. பதின்மூன்றரை அங்குலம். முட்டியை அவ்வளவு தூக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, “ஏன்டா, வண்டிக்குக் காலை நீட்டிட்டே, எனக்கு யாரு நீட்டுறது?” என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டு ஆச்சி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மறைத்தால் உங்களுக்குச் செய்யும் துரோகம். எது உரசிக்கொண்டிருந்தது என்று நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. நேற்றுப் படுத்துப் பார்த்தால் தேய்ந்திருப்பது ஒரே இடம், கழிவறைக் கழிவுக் குழாயின் முழங்கை. சேசிக்குக் கீழே 70 மி.மீ. தொங்குகிறது. சேசியில் ஒரு கீறல் இல்லை.

சக்கரத்துக்குப் பின்னால் வண்டி 1600 மி.மீ. நீண்டிருக்கிறது. முன்பு அதன் கடைசியில் குழாய் தரையிலிருந்து 200 உயரத்தில், அதாவது 7 டிகிரி ஏற்றம்வரை தட்டாது. குழாயை மட்டும் சேசிக்குள் ஏற்றிவிட்டிருந்தால் 270, ஒன்பதரை டிகிரி. அச்சு வேலை செய்து குழாயை விட்டுவைத்ததில் 304, பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை வெல்டிங், கடிதம், கேபிள், உடைந்த மூடி எல்லாவற்றுக்கும் குழாய் வேலையைவிடக் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றேகால் டிகிரி. குழாய் வேலைக்கு பிளம்பர் அரைநாள் கூலி கேட்டிருப்பார்.

1 மே

“அப்படியானால் பழையபடி இறக்கிவிடு” என்கிறீர்கள். இல்லை. குழாயையும் ஏற்றினால் 374, பதின்மூன்று டிகிரி, அப்போது எந்தக் கண்மாய்க் கரைக்கும் பயமில்லை. அச்சில் இன்னொரு முறை ராடு வைக்கவும் அண்ணன் சம்மதிக்க மாட்டார். வீம்பும் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை.

14 மே

படி வந்துவிட்டது. யோசனை வில்வண்டியிலிருந்து திருடியது. அதில் பின்பக்கம் இரும்புப் படி ஒன்று தொங்கும், அப்பத்தா அதில்தான் கால் வைத்து ஏறுவார்கள். அதே மாதிரி, ஆனால் இரண்டு தட்டு, வாசலோடு சேர்த்து மூன்று ஏற்றம், ஒவ்வொன்றும் 195. தட்டு 300 அகலம், முழுப் பாதமும் உட்காரும். பக்கத்தில் கைப்பிடிக் குழாய். ஓட்டும்போது மேலே மடித்துக் கொக்கி போட வேண்டும், மறந்தால் முதல் வேகத்தடை ஞாபகப்படுத்தும். ஞாபகப்படுத்தியது.

ஆத்தா ஏறினார், கட்டிலில் உட்கார்ந்தார், மின்விசிறியைப் போடச் சொன்னார், அரை மணி நேரம் இறங்கவில்லை.

18 ஜூன்

ஒன்பதும் ஆயிற்று, ஆறு நாளில். மாத்தூரும் இலுப்பைக்குடியும் ஒரு காலையில் முடிந்தன, வைரவன்பட்டியும் பிள்ளையார்பட்டியும் இன்னொரு நாள். சூரக்குடியில் மட்டும் மழை பிடித்துக்கொண்டது, ஆத்தா கோயிலைவிட டிரெய்லருக்குள் அதிக நேரம் இருந்தார். ஒரு இடத்திலும் தரை தட்டவில்லை.

சாயுமா என்று கேட்டவருக்குத் தாமதமான பதில். இரண்டு டயர் நடுவுக்கு நடு 1500 மி.மீ. கனமையம் தோராயமாக 900 உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டு இழுப்பு வண்டி எடையில் 0.83 பங்கு வரும்வரை கவிழாது. இப்போது மையம் 1004, பங்கு 0.75. பத்தில் ஒன்று போய்விட்டது. இது பட்டையும் டயரும் அமுங்காது என்று வைத்துப் போட்ட காகிதக் கணக்கு, நிஜத்தில் இன்னும் குறையும். திருப்பத்தில் லேசாகத் தெரிகிறது, முன்னால் லாரி கடந்துபோகும்போது நன்றாகவே தெரிகிறது. தண்ணீர்த் தொட்டியும் சிலிண்டரும் வண்டியின் உள்தரை மட்டத்துக்கு இறக்கியாயிற்று, அறுபதுக்கு மேல் ஓட்டுவதில்லை.

11 பிப்ரவரி 2024

பத்து மாதக் கணக்கு. டயர் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்கிறது, உள்விளிம்பு வெளிவிளிம்பு வித்தியாசம் விரலில் படவில்லை. இருக்கை வெல்டிங்கைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. யூ போல்ட் இப்போது அசையவில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்த சொந்தக்காரர்களோடு வண்டியும் போய்வந்தது, கால் கொப்புளத்தோடு வந்தவர்களெல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்துதான் மருந்து போட்டுக்கொண்டார்கள். படி ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஒரு தாங்கு வைக்க வேண்டும்.

டிரெய்லர் இன்னும் வேப்பமரத்தடியில்தான். கொட்டகை வாசலை ஒரு சாண் உயர்த்த கொத்தனார் தயார், ஆனால் வீட்டில் பதினோரு பங்கு. பிரிவு 52க்கு இரண்டு வாரம் போதுமாக இருந்தது. பங்காளிகளில் எட்டுப் பேர் சரி என்றுவிட்டார்கள், இரண்டு பேர் விட்டத்தைத் தொடக் கூடாது என்கிறார்கள், மலேசியாவிலிருந்து ஒருவர் பதில் வர வேண்டும்.